மூடியில் எழுதியது

மூன்றாம் நாளும் வலைக்குள் சொறிதான்.
ஆறிப்போன கஞ்சி மாதிரி
மடி நிறையக் கண்ணாடி.
பேர் வைத்தவன் கெட்டிக்காரன்.
முழங்கை வரை சொறிந்துகொண்டே
காரங்காட்டு வலைக்கூடத்தில் உட்கார்ந்தோம்,
பதினெட்டுப் பேர், ஒரு மின்விசிறி.

சவுரியம்மாள்தான் சட்டம் போட்டாள்.
"முடியாது"ன்னு இன்னைக்கு யாரும் சொல்லக்கூடாது,
சொன்னா அஞ்சு ரூபா.
பால்பவுடர் டப்பாவை நடுவில் வைத்தாள்.
"கரைவலை இழுக்கயில
தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டா பிரிக்கிறோம்,
இது நெத்திலி, இது குப்பைன்னு?
மொதல்ல இழு. மணல்ல கொட்டு.
பெறகு பாத்துக்கலாம்."

நான் ஐஸ் கணக்கு எழுதுகிறவள்.
அன்று நோட்டு கொண்டுவரவில்லை.
நண்டுப் பெட்டியின் தெர்மாகோல் மூடியைத் திருப்பிப்போட்டு
ஒன்று என்று எழுதி
அதன் பக்கத்தில் காத்திருந்தேன்.

கால் மணி நேரம்
மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

ராயப்பன் தொண்டையைச் செருமினான்.
"ஊறுகா போடலாம்."
சிரித்தோம். எழுதினேன்.
சிரிப்பு அடங்கும் முன்னே
தென்னைக்கு எரு என்றது ஒரு குரல்.
நமக்கு ஏது தென்னை என்று கேட்டவனை
எல்லோரும் பார்த்தார்கள், டப்பாவும் பார்த்தது.
"சரி, கருவேலத்துக்கு" என்றான்.

அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை.
ஆமை சொறியைத் தின்னுமாம், ஆமைக்கு ஒரு மனு.
பதில் வராவிட்டால்
ஒரு கூடை அள்ளிக் கலெக்டர் ஆபீஸ் படியில்.
சீசாவில் அடைத்து,
அலையாத்தி பார்க்க வருகிறவர்களுக்கு
நிலாக்குஞ்சு என்று விற்கலாம்.
தொண்டியிலிருந்து ஐஸ் இறக்க வந்த செய்யதலி
லாரியை அணைக்காமலே ஒன்று சொன்னான்,
அணைத்துவிட்டு வந்து நாலு சொன்னான்.

வலையிலேயே ஒரு வாசல் விட்டால் என்ன?
யார் சொன்னது என்று தெரியவில்லை.
நெத்திலியும் போயிருமே.
அப்ப வாசலுக்கு ஒரு சல்லடை.
சல்லடைய எதில் கட்ட?
பழைய சைக்கிள் ரிம்மில்.
நாலு வாய் சேர்ந்து சொன்ன ஒன்றுக்கு
இருபத்தாறு என்று ஒரே எண் போட்டேன்,
பேர் போடவில்லை.

இருட்டத் தொடங்கியபோது ஜெசிந்தா,
அதுவரை வாயே திறக்காதவள்:
"ஒரு மாசம் நாங்க கடலுக்குப் போறோம்.
நீங்க கரையில வலை கழுவுங்க.
வேற கண்ணு பாக்கட்டும் அந்தத் தண்ணிய."

கொண்டல் காற்று கூடத்துக்குள் வந்து
வெளியே போனது.
இன்னாசி எழுந்தார்.
சட்டைப் பையைத் துழாவி
பத்து ரூபாய்த் தாளை டப்பாவில் போட்டு,
"முடியாது. முடியாது" என்றார்.
கணக்காக இரண்டு தரம்.
உட்கார்ந்தார்.

சிரிப்பு எங்கே தொடங்கியதோ தெரியாது,
அவர் வரைக்கும் போனது.
"எழுதிட்டியாடி?" என்றாள் ஜெசிந்தா.
முப்பத்தெட்டு.
அழுத்தி எழுதினேன், பேனா மறுபக்கம் வந்துவிட்டது.

நாற்பத்தேழில் கரண்ட் போனது.
டப்பாவில் முப்பத்தைந்து ரூபாய்,
பதினெட்டு டீக்குக் காணாது.
மீதியைச் செய்யதலி கொடுத்தான்.

விடிந்து பார்த்தால் மூடியைக் காணோம்.
லோடு ஏற்றுகிற பையன்
பெட்டிக்கு மூடி கிடைத்தது என்று பொருத்தி
காரைக்குடிக்கு அனுப்பியிருந்தான்.
நாற்பத்தேழு யோசனைகளும்
நண்டுகளுக்கு மேல் குளிர்ந்துகொண்டு போயின.
ஞாபகத்திலிருந்து எழுதினோம்,
இருபதுகூடத் தேறவில்லை.
இன்னாசி மட்டும், யாரும் கேட்காமலே,
சைக்கிள் ரிம் ஒன்றோடு வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் போன்.
பெட்டி ஓரத்தில் எங்கள் நம்பர் இருக்கும் எப்போதும்.
ஒரு பெண் குரல், பின்னால் கடைத்தெருச் சத்தம்.
"நண்டு நல்லா இருந்துச்சு.
முப்பத்தெட்டுல ஓட்டை விழுந்திருக்கு, 'நாங்க கடலுக்கு'ங்கற வரைக்கும்தான் தெரியுது.
மிச்சம் என்ன?"

சொன்னேன்.

அந்தப் பக்கம் தராசில் எதையோ வைக்கும் சத்தம்.
"நாப்பத்தெட்டு ஒண்ணு
நான் சொல்லலாமா?"

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
இன்னொரு பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.
"சொல்லுங்கக்கா."